அம்மனுக்கு ஒரு விமானப் பலகை

அக்காவின் கடிதத்தில் நலம் விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தது. "இந்த முறையும் அம்மன் வெளியே வரமாட்டா. தூக்க ஆள் இல்லை." அந்த ஒரு வரிக்காகத்தான் ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் ஊருக்குப் போனேன்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறது. வைகாசிச் சடங்குக்கு மட்டும்தான் எங்கள் அம்மன் கோயில் கதவு திறக்கும். மற்ற நாளெல்லாம் பூட்டு. சடங்கின் கடைசி நாள் அம்மன் மஞ்சத்தில் ஏறி ஊர் சுற்றி வருவா. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீட்டில் எத்தனை பேரோ அத்தனை குடம் மஞ்சள் தண்ணீரைப் பாதத்தில் வாங்கிக்கொள்வா. தலைக்கு ஒரு குடம். கைக்குழந்தைக்கும் உண்டு. மஞ்சம் பாலை மரத்தால் செய்தது. தூக்கப் பதினாறு ஆண்கள் வேண்டும். நான் வெளிநாடு போன வருடம் முன் வலது மூலையில் தோள் கொடுத்தேன். தோல் உரிந்து ஒரு வாரம் சட்டை போட முடியவில்லை. அம்மன் கடைசியாக வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

ஜேர்மனியில் நான் வேலை செய்வது விமானங்களுக்குத் தரைப்பலகை செய்யும் தொழிற்சாலையில். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. கை சுத்தமானவன் என்று சேர்த்துக்கொண்டார்கள். மேலே ஒரு மெல்லிய தகடு, கீழே ஒரு மெல்லிய தகடு, நடுவே தேன்கூடு மாதிரி அறை அறையாகப் பிசின் தோய்த்த காகிதம். தகட்டுக்கும் கூட்டுக்கும் இடையில் பசைத்தாளை விரித்துச் சூட்டில் அழுத்தி எடுத்தால் பலகை. ஒரு கையால் தூக்கலாம். மேலே ஆள் ஏறி நின்றாலும் வளையாது. கடவுள் தேனீக்குச் சொல்லிக் கொடுத்ததை மனிதன் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கையுறை இல்லாமல் தகட்டைத் தொடக்கூடாது என்பது அங்கே முதல் சட்டம். விரலில் உள்ள எண்ணெய் பட்டாலே பசை பிடிக்காது. இது தெரிந்தும், ஆயுத பூசை நாளில் நான் கையுறையைக் கழற்றினேன். சட்டைப் பையில் இருந்த திருநீற்றை எடுத்து, "இதன்மேல் நடக்கிற சனம் நல்லா இருக்கட்டும் தாயே" என்று மூன்று விரலால் தகட்டில் பூசினேன். பிறகு பயம் வந்து சட்டைக் கையால் துடைத்தேன். துடைத்ததில் தகடு முழுக்கப் பரவியதுதான் மிச்சம்.

பலகை ஆறியதும் நாணயத்தால் தட்டிப் பார்ப்போம். ஒட்டிய இடம் 'டங்' என்று சொல்லும், ஒட்டாத இடம் 'டொப்' என்று சொல்லும். என் பலகை பாதிக்கு மேல் 'டொப்'. மறைக்காமல் உண்மையைச் சொன்னேன். எங்கள் மேற்பார்வையாளர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிற மனிதர். தலையில் கை வைத்துக்கொண்டு, "உன் கடவுளுக்கும் என் பசைக்கும் ஒத்துவராது, ஐயா" என்றார். பலகை மறுபடி விமானத்துக்குப் போகாதபடி சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டு ஓரமாக வைத்தார். அக்காவின் கடிதம் வந்ததும் அந்தப் பலகையைத்தான் கேட்டேன். பாலை மஞ்சத்துக்குப் பதிலாக இதில் ஒரு அம்மனையும், தூக்க எட்டுப் பேரையும் மனதில் கணக்குப் பண்ணியிருந்தேன். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தந்தார்கள்.

மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் கூரைமேல் அட்டை சுற்றிய பலகையைக் கட்டிய கொண்டக்டர், "வெறும் பெட்டியா?" என்று கேட்டு வெறும் பெட்டிக்குப் போடுகிற முடிச்சே போட்டுவிட்டார். வெலிக்கந்தை தாண்டியதும் காற்றில் கயிறு விட்டது. பலகை பட்டம் மாதிரி எழும்பி, சாலையோரப் புதர்ப் பற்றைக்குள் போய் விழுந்தது. பஸ் நின்றதும் குதிக்கப் போனேன். பின்னால் இருந்த ஒரு பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, கால் வேணுமா, பலகை வேணுமா?"

பற்றைக்குள் மண்டையோடு வரைந்த சின்னத் தகரம் ஒன்று தொங்கியது. கண்ணிவெடி. கூரையில் இருந்த மூங்கிலை இறக்கி, தார் ரோட்டில் குப்புறப் படுத்து, கொண்டக்டர்தான் பலகையைக் கொளுவி இழுத்தார். இழுக்கும்போது ஒவ்வொரு சாணுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். நான் ஒவ்வொரு சாணுக்கும் அம்மனைக் கூப்பிட்டேன். ஜேர்மனியில் பஸ் இரண்டு நிமிடம் பிந்தினால் மன்னிப்புக் கேட்பார்கள் என்பது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

மறுநாள் அம்மனுக்குச் சிவப்புப் பட்டு வாங்கப் பலகையோடு முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குப் போனேன். கடைக்கார நானா பலகையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்து, "இதென்ன தம்பி, காத்துக்குச் சட்டம் அடிச்சா?" என்றார். விசயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "தூக்க ஆள் இல்லையாமா?" என்று தாடியைத் தடவினார். "எங்கட பக்கமும் ஆள் இல்லாமப் போன வீடு கிடக்கு." பிறகு நான் எடுத்து வைத்த பட்டை ஒதுக்கிவிட்டு, அலுமாரியின் அடியில் இருந்து வேறு பட்டு ஒன்றை உருவினார். "அது சாயம் போகும். இத எடுங்க." தந்த தேநீரில் சீனி மூன்று கரண்டி இருக்கும். நல்ல தேநீர்.

வாவியைக் கடக்கிற பெரிய மிதவையை எங்கள் பக்கம் 'பாதை' என்போம். பாதை ஏறும் துறையில் ஆமி முகாம். அக்கரைக்குப் பற்றரி கொண்டுபோக முடியாது, சீமெந்து முடியாது, இரும்பு முடியாது. சனம் வெயிலில் வரிசையில் நின்றது. என் முறை வந்தபோது இது என்ன என்று கேட்டார்கள். பொய் சொல்லி அம்மன் காரியத்தைத் தொடங்கக்கூடாது என்று நினைத்து, "விமானத்தின் பலகை" என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து துவக்குகள் என் பக்கம் திரும்பின.

எனக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும். ஒருவன் மற்றவனிடம், "இவன் விமானம் கொண்டு வந்திருக்கிறானாம்" என்றான். "மிச்சத்தை எங்கே வைத்திருக்கிறான் என்று கேள்" என்றான் மற்றவன். சிரித்தார்களா, பயந்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை. என்னை முழங்காலில் இருத்தினார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒரே நேரத்தில் என்னிடமிருந்து இரண்டடி விலகிய சத்தம் கேட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழகிய கால்கள்.

அதிகாரி வந்தார். என் கடவுச்சீட்டு, தொழிற்சாலைக் கடிதம், அக்காவின் கடிதம் எல்லாவற்றையும் பார்த்தார். மண்மூட்டைகளின்மேல் பலகையை வைத்து ஒரு சிப்பாயை ஏறி நிற்கச் சொன்னார். அவன் ஏறியதும் பலகை 'கிறீச்' என்றது. ஒட்டாத தகட்டின் சத்தம். எனக்கு மட்டும் தெரியும். ஆனாலும் தாங்கியது. "உள்ளே என்ன?" என்றார். "காகிதக் கூடும் காற்றும்" என்றேன். நம்பவில்லை. அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற கம்பியைக் கொண்டுவரச் சொன்னார்.

பலகையை மேசையில் வைத்துக் குத்தினார்கள். முதல் குத்து என் வயிற்றில் விழுந்த மாதிரி இருந்தது. தொழிற்சாலையில் நகக்கீறல் விழுந்தாலே பலகையை ஒதுக்குவோம். இங்கே ஒரு பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு. உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்டதும், அதிகாரி முகத்தில் ஏமாற்றமா வெட்கமா தெரியவில்லை, "கொண்டுபோ, உன் கடவுளுக்குக் கொடு" என்றார். அடிப்பக்கத் தகட்டில் ஓட்டை இல்லாதது பெரிய புண்ணியம் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கரையில் அக்கா நின்றாள். ஒன்பது வருடத்துக்கு முன் விட்டுவந்த அக்காவைத் தேடி, பக்கத்தில் நின்ற இன்னொரு பெண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அக்காவின் தலை முழுக்க வெள்ளை.

"என்னடா, ஆள் மாறித் தெரியிதா?" என்றாள். அழவில்லை.

விறகுக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை என்பதும், மூத்த மகன் செத்துப்போனதும், சின்னவன் ஒரு நாள் பள்ளிக்கூடம் போய் இன்னும் வராததும் கடிதங்களில் தெரிந்தவைதான். நான்கு பேர் சாப்பிட்ட வீட்டில் ஒரு கோப்பை கவிழ்த்து வைத்திருந்தது.

வாவி நண்டுக் கறியை ஒன்பது வருடம் கனவில் சாப்பிட்டவன் நான். சடங்குக் காலத்தில் ஊரில் மீன் சமைக்கமாட்டார்கள் என்பதை மறந்துவிட்டேன். பருப்பும் கீரையும் எருமைத் தயிரும் வைத்தாள். மண்சட்டித் தயிரைக் கவிழ்த்தாலும் விழாது. அந்தத் தயிருக்கு ஜேர்மனியில் இருக்கிற எதுவும் ஈடில்லை.

பலகையைக் கண்டதும், "இது ஏன் சிவப்பாக் கோடு போட்டிருக்கு?" என்றாள். சொன்னேன்.

"விமானத்துக்கு ஆகாததையா அம்மனுக்குக் கொண்டு வந்தாய்?"

"அம்மன் பறக்கப் போறதில்லையே அக்கா."

அடுத்த நாள் கோயில் முன்றலில் பலகைக்குக் கீழே மூங்கில்களை வரிந்து கட்டினேன். ஓட்டை விழுந்த பக்கத்தை மேலே வைத்துப் பட்டை விரித்தேன். அம்மன் இருக்கும் பக்கம் யார் கண்ணிலும் படாது, கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு வழவழப்பான பக்கம் தெரியட்டும் என்று நினைத்தேன். எட்டு வருடம் இந்தத் தொழில் செய்தவன் செய்யக்கூடாத பிழை அது.

தூக்க வந்த எட்டுப் பேரும் பெண்கள். ஏழு பேருக்குத் தாலி இல்லை. நான் திகைத்துக் கோயில் வண்ணக்கரைப் பார்த்தேன். கோயிலை நிர்வகிக்கிறவர் அவர்தான். அவர் நிலத்தைப் பார்த்தார். முன்னுக்கு நின்ற தெய்வானை மாமிதான் பேசினா. அறுபது வயதிருக்கும்.

"என்ன மனே பாக்கிறாய்? அவவும் புருசனைப் பறிகுடுத்து, சிலம்போட நியாயம் கேட்டுப் போனவதானே. நாங்க தூக்கினா வேணாமெண்டா சொல்லப் போறா?"

நானும் தூக்குகிறேன் என்றேன். பூசாரியார் தடுத்தார். "கதவு திறந்த நாளிலிருந்து நோன்பு இருந்தவங்கதான் தோள் குடுக்கோணும். நீ கடல் கடந்து நேத்து வந்தவன். பலகை கொண்டு வந்தாய், அது போதும்."

அப்போதுதான் ஹெலிகொப்டர் சத்தம். எட்டுப் பெண்களும் ஒரே ஓட்டத்தில் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் மடையன் மாதிரி அண்ணாந்து நின்றேன். அதன் வயிறு தெரிந்தது. அக்கா இழுத்துக்கொண்டு போனபோது, "அதிலயும் தரை இப்படிப்பட்ட பலகைதான் அக்கா" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். நாங்கள் செய்வது பயணிகள் விமானத்துக்குத்தான். ஆனாலும் பலகை பலகைதான்.

"அப்ப நீ திருநீறு பூசிக் கும்பிட்டது இவங்களுக்கும் சேத்தா?" என்று கேட்டாள்.

நான் பலகையடிக்குப் போய் மூங்கில் முடிச்சுகளை மறுபடி இறுக்கினேன்.

கடைசி நாள். ஊர்வலம் முன்பெல்லாம் இரவில்தான். இப்போது ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் மூன்று மணிக்கே அம்மனை ஏற்றினார்கள். எட்டுப் பேரும் தூக்கினார்கள். பலகை ஒரேயடியாக மேலே போனது. தெய்வானை மாமியின் முகம் மாறிவிட்டது.

"இதென்ன கா, ஒண்டுமே தெரியல்ல? அம்மன் ஏறினாவா, இல்லையா?"

"ஏறித்தான் இருக்கா, நடங்க" என்றார் பூசாரியார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஏதோ தப்புச் செய்தவன் மாதிரியும் இருந்தது.

முதல் வீடு ஒரு கிழவியின் வீடு. ஊரில் அவவுக்கு யாரும் மிச்சமில்லை. வாசலில் ஒரு குடம் இருக்கும் என்று நினைத்தேன். ஆறு குடம் இருந்தது. கிழவி ஒவ்வொன்றாகத் தூக்கி, பெயர் சொல்லி, அம்மன் பாதத்தில் ஊற்றினா. தன் பெயரைக் கடைசியில் சொன்னா. நான் வண்ணக்கரிடம் மெதுவாக, "தலைக்கு ஒரு குடம்தானே?" என்றேன். "ஓம் தம்பி" என்றார். "தலையைக் குறைச்சு எண்ண ஒருத்தருக்கும் மனம் வரல்ல."

அடுத்த வாசலில் இரண்டு பேர், ஏழு குடம். அதற்கடுத்ததில் ஒரு பெண்ணும் கைக்குழந்தையும், ஐந்து குடம். பூட்டிக் கிடந்த வீட்டு வாசலில்கூடப் பக்கத்து வீட்டார் குடம் நிறைத்து வைத்திருந்தார்கள். ஆளைவிடக் குடம் கூடிய ஊர். ஒன்பது வருடத்தில் என்ன நடந்தது என்று கடிதங்கள் சொன்னதெல்லாம் ஒன்றுமில்லை. இந்தக் குடங்கள்தான் சொல்லின.

பாதி வழியில் பெண்களின் தோள் இறங்குவதைக் கண்டேன். தெய்வானை மாமியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் முகம் மலர்ந்து கிடந்தது. "இப்பதான் கா அம்மன் வந்திருக்கா! பாரம் தெரியிது!" என்றா. எட்டுப் பேரும் குரவையிட்டார்கள்.

எனக்கு மட்டும் விசயம் விளங்கியது. ஓட்டைகள். ஆமி குத்திய ஓட்டைகளால் தண்ணீர் உள்ளே போகிறது. நல்ல பலகை என்றால் குத்துப்பட்ட அறையோடு நின்றுவிடும். இது என் திருநீறு பட்டு ஒட்டாமல் போன பலகை. தகட்டுக்கும் கூட்டுக்கும் இடையில் தண்ணீர் ஓடி, அறை அறையாக நிரம்புகிறது. அடியில் ஓட்டை இல்லாததால் ஒரு சொட்டும் வெளியேறவில்லை. ஏற்கனவே கிறீச்சிட்ட தகடு. இன்னும் பாரம் ஏறினால் மடியும். மடிந்தால் அம்மன் மண்ணில். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வெளியே வந்த அம்மன், இந்தப் பெண்களின் கையிலிருந்து.

சுற்றின் கடைசி வாசல் அக்காவுடையது. மணி ஐந்தே முக்கால். பலகையின் நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியத் தொய்ந்திருந்தது. நான் முன்னே ஓடினேன்.

"அக்கா, ஊத்தாத. பலகைக்குள்ள தண்ணி ஏறிட்டு. தாங்காது. அம்மன் விழுந்திடுவா."

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு வாசலைக் காட்டினாள். ஐந்து குடம். அவள், அத்தான், மூத்தவன், சின்னவன் என்று நான்கு எண்ணினேன். ஐந்தாவது யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை.

"அது உனக்கு" என்றாள். "எந்தக் குடத்தை விடச் சொல்றாய்? நீயே சொல்லு, விடுறன்."

பின்னால் அம்மன் வந்து நின்றா. பெண்களின் மூச்சு கேட்டது.

சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகைக்கு அடியில் போனேன். பூசாரியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தெய்வானை மாமி, "பேசாம இருங்க ஐயா" என்று அதட்டினா. "வா மனே, உள்ள வா." குனிந்து, தொய்ந்த நடுப்பகுதிக்கு நேரே முதுகைக் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் தகட்டில் அழுத்தினேன். கையுறை இல்லை.

மேலே அக்கா பெயர்களைச் சொன்னாள். அத்தானின் பெயர். மூத்தவன். சின்னவனின் பெயரைச் சொல்லும்போது குரல் உயர்ந்தது, தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு அவளுடையது. ஒவ்வொரு குடத்துக்கும் பாரம் என் முதுகில் இறங்கியது. கடைசியில் என் பெயர். பட்டின் ஓரத்தால் மஞ்சள் தண்ணீர் வழிந்து என் தலையில் கொட்டியது. கண்ணில் எரிந்தது. பலகை முனகியது. ஆனால் மடியவில்லை.

அப்படியே குனிந்தபடி கோயில்வரை நடந்தேன். ஊரடங்குக்கு முன் அம்மனை இறக்கி உள்ளே வைத்தார்கள். பலகையைச் சரித்ததும் அதன் ஓட்டைகளால் மஞ்சள் தண்ணீர் ஓடத் தொடங்கியது, நிற்கவே இல்லை. மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தெய்வானை மாமியிடம், "மாமி, நீங்க நினைச்ச பாரம் தண்ணிதான். என்ட பிழையால உள்ள ஏறினது" என்று சொன்னேன்.

மாமி தோளைத் தடவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தா. "நாங்க ஊத்தினது தண்ணிதானே மனே. மறுகா உள்ள வேற என்ன ஏறும்?" என்றா. பிறகு, "வாற வருசத்துக்குக் கீழயும் ரெண்டு ஓட்டை போட்டிட்டுப் போ. முதுகு போயிட்டு" என்றா.

போட்டுக் கொடுத்தேன். உள்ளே கிடந்த ஈரம் காய்வதற்குப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தேன். பூசாரியார் கதவைப் பூட்டினார்.

திரும்பி வரும்போது எங்கள் கரைத் துறையில் காவலுக்கு அதே சிப்பாய் நின்றான், பலகையில் ஏறி நின்றவன். அவனுக்கு வயது இருபதுகூட இருக்காது என்பதை அன்றுதான் பார்த்தேன். உடைந்த தமிழில், "ஐயா, உன் விமானம் பறந்ததா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். பாவம் என்று சொல்கிற மாதிரி உச்சுக் கொட்டினான்.

பாதை புறப்படுமுன் அக்கா தயிர்ச்சட்டியை என் கையில் தந்தாள். விமானத்தில் விடமாட்டார்கள் என்றேன். "பஸ்ஸில சாப்பிடு" என்றாள். கயிற்றை அவிழ்த்தார்கள். எங்களுக்கு இடையில் தண்ணீர் ஒரு முழம், இரண்டு முழம் என்று விரிந்தது. அப்போதுதான் அவள் கைகளைக் குவித்துச் சத்தமாகச் சொன்னாள்.

"வாற வைகாசிக்கு உன்ட குடத்தை நீயே வந்து ஊத்து. எனக்குக் கை ஏலா."